விக்ரர் பிறவுணரின் ஆரம்ப காலம்: தீர்க்கதரிசனமும் வரலாறும்

ரூமேனிய ஓவியர் விக்ரர் பிறவுணர் (1903–1966), 1931இல் ஒரு கண் பறிக்கப்பட்டவராகத் தம்மைத் தாமே வரைந்தார். 1938இல் பாரிசில் நண்பரிடையே எழுந்த சண்டையில் உண்மையாகவே ஒரு கண்ணை இழந்தார். இத்தற்செயலைத் தீர்க்கதரிசனமாக்கிய சர்றியலிச மரபு, அவரது ஆரம்ப கால ஆக்கங்களையும் அதன் முன்னறிகுறிகளாக நோக்கப் பழக்கிற்று. அக்கால ஓவியங்களிற் கண் பற்றிய படிமம் மீண்டும் மீண்டும் வருவது மெய்யே. எனினும், இந்நோக்கு அவற்றின் சமூகத் தளத்தை மறைத்துவிடுகிறது.

1924 ஒக்டோபரில் கவிஞர் இலாரியே வொறொங்காவுடன் இணைந்து புக்காறெஸ்ட் நகரில் அவர் வெளியிட்ட ‘75 எச்.பி.’ என்னும் சஞ்சிகை ஓரிதழுடன் நின்றது. அதன் பெயரே குதிரைவலுவைச் சுட்டுவது. சொல்லையும் ஓவியத்தையும் ஒரே தளத்தில் இணைக்கும் ‘ஓவியக்கவிதை’ அதில் முன்வைக்கப்பட்டது. அச்சகத்தினதும் விளம்பரத்தினதும் மொழி கலையாயிற்று. ஆயின், பெரும்பான்மையோர் விவசாயிகளாயிருந்த நாட்டில் இயந்திரத்தைப் போற்றிய இக்குரல், நகர இளைஞர் சிலரின் வேட்கையாகவே ஒலித்தது. அதன் வேகமும் தனிமையும் இம்முரண்பாட்டிற் பிறந்தவை எனலாம்.

1930இல் அவர் பாரிசுக்குப் பெயர்ந்தார். பின்னர் வரைந்த ‘திரு. கே.யின் விசித்திர விவகாரம்’ இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. பருத்த முதலாளித்துவ மனிதனொருவன் அதிற் பலவாறான கோலங்களில் வரிசை வரிசையாக அடுக்கப்படுகிறான். அச்சுப்பக்கத்தை ஒழுங்கமைத்த பழைய பயிற்சி, இங்கே அதிகாரத்தை எள்ளும் கருவியாகிறது. இயந்திரத்தை வியந்த இளைஞர் பத்தாண்டுகளில் வர்க்கத்தை இனங்காண்கிறார்.

விளக்கத்தை வேண்டி நிற்பது இவ்வளர்ச்சியே. ஓவியரின் உடலுக்கு நேர்ந்த விபத்தைக் கொண்டு அவரது கலையை விளக்குவது, அவர் கண்ட சமூகத்தைக் காணாது விடுவதாகும்.