எலும்பு அரிக்கும்வரை காத்திருக்கலாமா?

2021இல் கருப்புப் பூஞ்சையை நாம் எதிர்கொண்ட விதத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் சி.டி. ஸ்கேனுக்கே முதல் மரியாதை தருகிறார்கள். முகம் வீங்கி, கன்னம் மரத்து வந்தவர்களை முதலில் ஸ்கேன் அறைக்கு அனுப்பினோம், படத்தில் சந்தேகம் தெரிந்தவர்களைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினோம், இனியும் அதே வரிசையில் போகலாம் என்கிறார்கள். அந்த வரிசை தவறு என்பது என் உறுதியான கருத்து.

சி.டி.யின் பலன்களை மறுக்கவில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கிடைக்கும். எம்.ஆர்.ஐ.யைவிடச் செலவு குறைவு. அறுவை செய்பவருக்கு எலும்புகளின் அமைப்பை இதைப்போல் வேறெதுவும் காட்டாது. அந்த ஆண்டு ஜூன் முடிவதற்குள் நாடு முழுவதும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் பதிவானது. அந்த நெருக்கடியில் கைக்கு எட்டிய கருவியைப் பயன்படுத்தியதில் குற்றம் காண முடியாது. நெருக்கடி காலத்து வழக்கத்தை நிரந்தர நெறியாக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

இந்த வழக்கத்தின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: எலும்பு அரிக்கவில்லை என்றால் பூஞ்சை ஊடுருவவில்லை. நோயின் போக்கை அறிந்தவர் யாரும் இதை ஏற்க முடியாது. இந்தப் பூஞ்சையின் இழைகள் ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. குழாய் அடைபடுகிறது, ரத்தம் கிடைக்காத திசு செத்துக் கருக்கிறது. கண்குழிக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் போக அது எலும்பைத் தின்றாக வேண்டியதில்லை. நரம்பும் குழாயும் செல்வதற்கென்று எலும்பில் இயற்கையாகவே துளைகள் இருக்கின்றன, அவை போதும். எலும்புச் சுவர் முழுதாக நிற்கும்போதே கண்ணுக்குப் பின்னாலுள்ள கொழுப்புக்குள் நோய் புகுந்திருக்கலாம். எலும்பு அரிப்பு பெரும்பாலும் பிந்தி வரும் அடையாளம். அதற்காகக் காத்திருப்பது நோய் முற்றுவதற்குக் காத்திருப்பதே.

கதிரியலாளர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மேல்தாடைச் சைனஸைச் சுற்றியுள்ள கொழுப்பு கலங்கித் தெரிவது ஆரம்ப அடையாளமாகலாம் என்று சில்வர்மனும் மன்குசோவும் 1998இலேயே எழுதினார்கள். மூக்கின் உள்சவ்வு ஒருபக்கம் மட்டும் கடுமையாகத் தடித்திருப்பதைக் கவனிக்கச் சொல்லும் ஆய்வு 2003இல் வந்தது. ஆனாலும் நோயாளியின் கைக்கு வரும் ரிப்போர்ட்டில் ‘சவ்வு தடிப்பு, எலும்பு அரிப்பு இல்லை’ என்ற ஒற்றை வரியே இருக்கிறது. சளி பிடித்தவர்களின் படத்திலும் சவ்வு தடித்துத்தான் தெரியும். எனவே சாதாரணச் சைனஸ் என்று முடிவாகி, ஆன்டிபயாட்டிக் மாத்திரையோடு சர்க்கரை நோயாளி வீட்டுக்குப் போகிறார். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் எடுத்த ஒரு படம், அவரை மருத்துவர் நேரில் பார்க்கும் வாய்ப்பையே அடைத்துவிடுகிறது.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் தீர்ந்துவிடும் என்கிறவர்களுக்கும் பதில் உண்டு. கண்குழி, மூளை, நரம்பு ஆகியவற்றில் பரவலைக் காண அது மேலானதுதான். ரத்தம் போகாத மூக்கின் உள்மடல் கான்ட்ராஸ்ட் ஏற்காமல் கருப்பாகத் தெரிவதை ஆரம்ப அடையாளமாக 2010இல் முன்வைத்தார்கள். ஆனால் நோயில்லாதவர்களிடமும் மடலின் சில பகுதிகள் அப்படித் தெரியலாம் என்று 2019இல் வந்த ஆய்வு எச்சரித்தது. சில வகைப் படங்களில் பூஞ்சையே காற்றைப் போலக் கருத்துத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். சிறுநீரகம் கெட்டிருந்தால் கான்ட்ராஸ்ட் கொடுக்கவும் தயங்குவார்கள். எந்தக் கருவியானாலும் அதை வாசற்காவலாக நிறுத்தினால் அதே பிழைதான் நேரும்.

இந்தப் பிழைக்கான விலை காலம். ரத்தப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. நோய் கண்டறியப்பட்ட பிறகு பூஞ்சைக்கான மருந்தான ஆம்போடெரிசின் தொடங்க 6 நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களில், 12 வாரத்துக்குள் இறந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ இருமடங்கு. ஸ்கேனுக்குத் தேதி, ரிப்போர்ட்டுக்கு ஒருநாள், ‘பார்ப்போம், மறுபடி வாருங்கள்’ என்று ஒரு வாரம்: இப்படித்தான் அந்த நாட்கள் கரைகின்றன. மூக்குக்குள் எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும், படுக்கையருகிலேயே செய்யலாம். கருப்பதற்கு முன்பே சவ்வு வெளிறி உணர்விழந்திருப்பதை அது காட்டக்கூடும். அங்கிருந்து கிள்ளி எடுத்த துணுக்கில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பார்த்தால், அகன்ற நாடா போன்ற பூஞ்சை இழைகளை அன்றே அடையாளம் காணலாம். எண்டோஸ்கோப்பியும் தவறலாம், பயாப்சியும் தவறலாம். சந்தேகம் தீராவிட்டால் மறுநாள் திரும்பவும் பார்ப்பதுதான் அதற்கு மருந்து. படத்தை நம்பி வீட்டுக்கு அனுப்பியவரை மறுநாள் யார் பார்ப்பது?

நோய் எதுவரை போயிருக்கிறது, எங்கே அறுக்க வேண்டும், மூளையும் பெரிய ரத்தக்குழாய்களும் தப்பினவா: ஸ்கேனிடம் கேட்க வேண்டியவை இவை. நோய் இருக்கிறதா என்பதைத் திசுவிடம்தான் கேட்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் எவரானாலும் ஒருபக்க முகவலி, மரப்பு, கண்வீக்கம் என்று வந்தால், ஸ்கேன் என்ன சொன்னாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்குக்குள் பார்த்தாக வேண்டும். இதை மருத்துவமனைகள் எழுத்து விதியாக்க வேண்டும். ‘எலும்பு அரிப்பு இல்லை’ என்று எழுதும் கதிரியலாளர்கள், ‘இதனால் பூஞ்சை இல்லை என்று கொள்ள இயலாது’ என்ற வரியையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த வரி இல்லாத ரிப்போர்ட் முழுமையற்றது.