சங்கிலியைத் தேடும் கவிதைகள்

போன பிப்ரவரியில் ஆம்பூரில் ஒரு சின்ன வாசகர் வட்டம் நடத்திய கூட்டத்துக்குப் போயிருந்தேன். மாடி அறை, முப்பது நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். ஷூ கம்பெனி வேன்கள் பெண்களை ஊர் ஊராக இறக்கிவிடக் கிளம்பும் நேரம் என்பதால், மைக்கை மிஞ்சி ஹாரன் கேட்டது. கொத்தடிமை முறை ஒழிப்பு நாளையொட்டிக் கவியரங்கம். வாசித்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் சங்கிலியைப் பாடினார்கள். ஒருவர், கப்பலின் அடித்தட்டில் ஆப்பிரிக்கர்களை அடுக்கிக் கொண்டுபோனதைக் கேட்பவர் தொண்டை அடைக்கும்படி வாசித்தார்.

நன்றியுரைக்கு முன்னால் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். “எனக்கு அப்ப ஒம்போது வயசு. பிரசவச் செலவுக்கு ஐந்நூறு ரூபா வாங்கிட்டு, எங்கம்மா என்ன பீடிக்கு வுட்டாங்க. அந்த ஐந்நூற மொத்தமா வச்சாத்தான் அனுப்புவாங்க. ஆறு வருசம் ஆச்சு.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டுவதா வேண்டாமா என்று அறைக்குத் தெரியவில்லை.

இம்மாதிரிக் கூட்டங்களின் பலமும் பலவீனமும் அந்த இரண்டு நிமிடத்தில் இருந்தன.

முதலில் பலத்தைச் சொல்லிவிடலாம். ஒழிப்பு நாளான பிப்ரவரி 9 அன்று ஆட்சியர் அலுவலகத்தில் உறுதிமொழி எடுப்பார்கள். வாசகம் முடிந்ததும் எல்லோரும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே அந்த அம்மா எழுந்து பேச இடமில்லை, கவியரங்கத்தில் இருந்தது. ‘கொத்தடிமை’ என்ற சொல்லைத் தன் வாழ்க்கைக்கு வைத்துப் பார்க்கும் வாய்ப்பு சிலருக்கு முதன்முதலாக இங்கேதான் கிடைக்கிறது. சொல் கிடைப்பது சின்ன விஷயமில்லை. நெல் அரவை ஆலையிலோ செங்கல் சூளையிலோ கோட்டாட்சியர் விசாரணைக்கு வந்து நிற்கும்போது, “முதலாளிகிட்ட கொஞ்சம் கடன் இருக்குது சார், வேற ஒண்ணுமில்ல” என்று தொழிலாளியே சொல்லிவிட்டால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும்.

இனி குறை. 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். அதில் சங்கிலி கிடையாது. முன்பணம் இருக்கிறது. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, வேறிடம் போகும் உரிமையையோ, உரிய கூலியையோ இழந்தால் அது கொத்தடிமை. அந்தக் கடன் செல்லாது. கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே. 1982-ல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை செய்ய நேர்வதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. சட்டம் முதலாளியின் கடன் கணக்கு நோட்டைப் பார்க்கச் சொல்கிறது. நம் கவிதைகள் காலைப் பார்க்கின்றன. காலில் ஒன்றும் இல்லை. மீட்கப் போகும் அதிகாரிக்கும் அதே கண்தான்: பூட்டு இல்லை, காவலாள் இல்லை, சந்தைக்குப் போய் வருகிறார்கள், அப்புறம் என்ன கொத்தடிமை? இந்தக் கேள்விக்குக் கவிஞர்களும் தெரியாமல் துணை போகிறோம்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், அன்று வேலூர் மாவட்டத்தில் இருந்த நெமிலிப் பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை, குடும்பம் குடும்பமாக, மீட்டார்கள். இருளர் முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் ஓடியது. அதைப் பார்த்து எழுதிய கவிதைகள் சிலவற்றைக் கேட்டிருக்கிறேன். விழுந்த உடம்பு எல்லாவற்றிலும் வருகிறது. சிலர் பட்டிருந்த கடன் ஆயிரம் ரூபாய்தான் என்று அன்றைய செய்திகளிலேயே இருந்தது. அந்த ஆயிரம் எந்தக் கவிதையிலும் வரவில்லை.

கப்பலைப் பாடக் கூடாது என்று சொல்லவில்லை. பாடுகிறவர் கப்பலை முழுதாகப் பாட வேண்டும். பிரிட்டன் அடிமை வணிகத்தை 1807-ல் தடை செய்தது. 1833-ல் தன் காலனிகளில் அடிமை முறையையே ஒழிக்கச் சட்டம் போட்டபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளை விலக்கி வைத்தது. உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு, அடிமைகளுக்கு ஒன்றுமில்லை. அதற்காக வாங்கிய கடனை 2015-ல்தான் கட்டி முடித்தார்கள். 2007-ல் அங்கே வணிகத் தடையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, விடுவித்த எம்.பி. வில்பர்ஃபோர்ஸுக்கு விழாவா, விடுபட்டவர்களுக்கா என்று கறுப்பின மக்கள் கேட்டார்கள். நமக்கு 1843-ல் வந்த சட்டம் யாரையும் நேரே விடுவிக்கவில்லை. ஒருவரை இன்னொருவர் உடைமையாக நீதிமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவே. அடிமை ஓலைக்கு மதிப்பு போயிற்று. கடன் பத்திரத்துக்குப் போகவில்லை. பண்ணையாள் அதே பண்ணையில், இப்போது கடனாளியாக நின்றார். 1860-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிப்போனது. அதன் பிறகு அங்கே ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களில் நம் வட ஆற்காட்டு ஆட்கள் ஏராளம். ஆம்பூர்க் கவிஞருக்குக் கப்பல் வேண்டுமென்றால் அட்லாண்டிக் வரை போக வேண்டியதில்லை.

சட்டம் வந்த தேதியைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. 1976 பிப்ரவரி 9 நெருக்கடி நிலைக் காலம். அதற்கு ஒன்பது நாள் முன்புதான், ஜனவரி 31 அன்று, தமிழக ஆட்சி கலைக்கப்பட்டது. பேச்சுரிமை பறிபோயிருந்த நாட்களில் பிறந்த விடுதலைச் சட்டம் இது. கவிதைக்கு இதைவிட முரண் எங்கே கிடைக்கும்? ஆனால் கவியரங்கத்துக்கு முரண் ஒத்துவராது, கைதட்டல் தள்ளிப்போகும்.

இன்னொன்று உள்ளூர்க் குறை. வேலூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ஆம்பூர் வீடுகளில் மடியில் முறத்தோடு பீடி சுற்றுகிறவர்களில் உருது பேசும் பெண்கள் நிறைய. இந்த ஊர்களில் உருதுக் கவியரங்கமான முஷாயிரா நடக்கிறது, தமிழ்க் கவியரங்கமும் நடக்கிறது. இரண்டும் ஒரே மேடையில் நடந்து நான் பார்த்ததில்லை. ஒரே பீடி இலையை நறுக்கும் இரண்டு பேரில் ஒருத்தியின் கதையைத்தான் ஒவ்வொரு மேடையும் கேட்கிறது.

தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் வேறு கணக்கு. அங்கே மாதச் சம்பளம், பி.எஃப். என்று பேச்சு இருக்கிறது. அங்குள்ள குறைகளை எல்லாம் ‘நவீன அடிமைத்தனம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் கொத்தடிமைக்கும் நியாயம் கிடைக்காது, தோல் தொழிலாளிக்கும் கிடைக்காது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் இறந்தார்கள். அதற்குப் பெயர் கொத்தடிமை இல்லை. தொழிற்பாதுகாப்பு இல்லாமை. அந்தப் பெயரிலேயே கேட்டால்தான் பதில் வரும்.

இத்தனைக்கும் இந்த மண்ணுக்கு நுணுக்கமாக எழுதத் தெரியாமலில்லை. பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் ‘தகப்பன்கொடி’யில் நிலம் கைவிட்டுப் போவது பக்கம் பக்கமாக, பொறுமையாக நடக்கிறது. நாவலுக்குக் கணக்கு எழுத இடம் உண்டு, மூன்று நிமிடக் கவிதைக்கு இல்லை என்பார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டு நிமிடமே போதுமாக இருந்ததே.

அவர் பேசியதைக் கூட்ட அறிக்கையில் தேடினேன். ‘பார்வையாளர் ஒருவரும் தன் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார்’ என்று ஒரு வரி. தொகை இல்லை, வருஷம் இல்லை. கவிதைகள் மட்டும் முழுதாக அச்சாகியிருந்தன. குறிப்பெடுக்காமல் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த பிப்ரவரிக்கு எழுதப்போகும் நண்பர்களிடம் கேட்பது இதுதான். அரவை ஆலைக் களத்தில், சூளையில், பீடி சுற்றும் திண்ணையில் யாராவது ஒருவரிடம் மூன்று விவரம் கேட்டு வாருங்கள்: எவ்வளவு வாங்கினார், எந்த வருஷம் வாங்கினார், இதுவரை எவ்வளவு கழிந்தது. கவிதையாக வராவிட்டால் பரவாயில்லை. அவர் சம்மதித்தால், மறுநாள் காலையில் அதை மனுவாகக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிடலாம்.