உக்ரைன் ஓவியங்களில் ஓயாத பண்டிகை

உருக்கிய மெழுகைக் குளிர்ந்த நீரில் ஊற்றினால் அது ஏதோ ஓர் உருவமாக உறையும். அதை வைத்து வரப்போகும் மாப்பிள்ளையைக் கணிப்பது உக்ரைன் கிராமத்துப் பெண்களின் பழைய குளிர்கால வழக்கம். மிகோலா பிமொனென்கோ 1888இல் வரைந்த ‘பண்டிகைக்காலக் குறிபார்ப்பு’ அந்த இரவைத்தான் காட்டுகிறது. சிறு வெளிச்சம், இரண்டு பெண்கள், முகங்களில் பாதி விளையாட்டு, பாதி பயம். இந்தப் படம் எனக்குப் பிடிக்கும். இதன் வம்சத்தில் பிறந்த எத்தனையோ நிலவொளிக் குடிசைகளும் குபாலா என்னும் கோடைத் திருவிழா இரவில் ஆற்றில் விடும் மலர்வளையங்களும் அலுப்பூட்டுகின்றன.

இந்த வகை ஓவியம் தொடங்கிய இடத்தில் இனிப்பு குறைவு. தராஸ் ஷெவ்சென்கோ 1844இல் ‘எழில்மிகு உக்ரைன்’ என்ற பெயரில், செப்புத்தகட்டில் கீறி அச்சிட்ட ஆறு படங்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று சம்பந்தம் பேச வந்தவர்களைப் பற்றியது. பெண் பூவேலைத் துண்டு கொடுத்தால் சம்மதம், பூசணிக்காய் கொடுத்தால் ‘போய் வாருங்கள்’ என்று பொருள். படத்தில் வருவது துண்டு. இந்தத் தொகுதியை விற்ற பணத்தில், இன்னும் பண்ணையடிமைகளாகவே இருந்த தன் உடன்பிறந்தவர்களை மீட்க எண்ணியிருந்தார் ஷெவ்சென்கோ. திட்டம் அந்த ஆறு படங்களோடு நின்றுபோனது. கல்யாணக் களைக்குப் பின்னால் அடிமைச் சீட்டு ஒன்று இருந்ததை அறிந்து பார்க்கும்போது அந்தத் துண்டின் கனம் மாறிவிடுகிறது.

ரஷ்யப் பேரரசு 1876இல் உக்ரைனிய மொழியில் நூல் அச்சிடுவதைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடைசெய்தது. படத்துக்கு எழுத்து தேவையில்லை. அச்சில் ஏற முடியாத வாழ்க்கை, சட்டகத்துக்குள் அமர்ந்து தலைநகர் பீட்டர்ஸ்பர்கின் கண்காட்சிக்கே போனது. முக்காடு கட்டும் விதம், சட்டைக் கையின் பூத்தையல், பவள மாலையின் அடுக்கு எல்லாம் பதிவாயின. இந்த ஓவியர்களின் பெரிய கொடை அது. குறைத்துப் பேச மனம் வரவில்லை. ஆனால் தலைநகரத்து ரசிகர்கள் இவற்றை ‘சின்ன ரஷ்யா’வின் (உக்ரைனுக்குப் பேரரசு வைத்த பெயர்) அழகுக் காட்சிகளாகவே வாங்கினார்கள். பாடி ஆடும் மக்களுக்குக் குறை ஒன்றும் இராது என்று நினைப்பது அவர்களுக்கும் வசதியாக இருந்தது.

பிமொனென்கோவுக்குக் கடுமையாக வரையத் தெரியாதா? 1899இல் ‘மதவெறியின் பலி’ வரைந்தவர் அவர். வேற்று மதத்தவனைக் காதலித்த யூதப் பெண்ணை அவள் சமூகமே சூழ்ந்துகொள்ளும் படம் அது. கூட்டத்தின் கொடூரம் அவர் கைக்கு வரும். ஆனால் பண்டிகை என்றதும் அதே கை மென்மையாகிவிடுகிறது. 1891இன் ‘ஈஸ்டர் அதிகாலை வழிபாடு’ மட்டும் தப்பிக்கிறது. இருட்டில் மெழுகுவத்தி ஏந்தி நிற்கும் மக்கள் நமக்காக நிற்கவில்லை; அவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

பண்டிகையின் இனிப்பை அரசே கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, தெத்யானா யாப்லோன்ஸ்கா 1949இல் வரைந்த ‘ரொட்டி’ சாட்சி. கூட்டுப்பண்ணைக் களத்தில் தானியக் குவியல், சட்டைக் கையை மடித்துவிட்டுச் சிரிக்கும் பெண்கள். பழைய அறுவடைத் திருநாளின் களிப்பு முழுதும் இருக்கிறது. கடைசிக் கதிரில் கட்டும் மாலை இல்லை, ஆசி கேட்கும் பாட்டு இல்லை. தானியத்தைப் பறித்து லட்சக்கணக்கானோரைச் சாகவிட்ட 1932–33 பஞ்சம் முடிந்து அப்போது 16 ஆண்டுகள்தான். படம் ஸ்டாலின் பரிசு பெற்றது. வெயிலும் தோள்களும் அவ்வளவு நன்றாக வரையப்பட்டிருப்பதுதான் நெருடுகிறது. மோசமான படமாக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம்.

1960களில் இளம் கலைஞர்கள் கீவ் நகரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாடல் பாடப் போனார்கள். ஓவியர் அல்லா ஹோர்ஸ்காவும் அவர்களில் ஒருவர். 1972 ஜனவரியில் லிவிவ் நகரில் வேடமிட்டுப் பாடிய குழுவினர் பலர் சில நாட்களில் கைதானார்கள். சோவியத் அரசுக்கு, மேடையில் ஆடினால் அது நாட்டார் கலை, தெருவில் பாடினால் தேசியவாதம். இந்த அச்சம் நிலவொளி ஓவியங்களில் எங்கும் இல்லை.

பண்டிகையை வரைய வேறொரு வழியும் இருந்தது. போலொத்னியா கிராமத்து மரியா பிரிமாசென்கோ (1909–1997) பண்டிகையை எதிரே நின்று பார்த்தவர் அல்லர். ஈஸ்டருக்கு முன் வீட்டுச் சுவரில் பூ வரையும் கைகளின் மரபில் வந்தவர். அவருடைய விசித்திர விலங்குகளில் சடங்கின் துணிச்சல் அப்படியே இருக்கிறது. ஆனால் கிறிஸ்துமஸ் கதிர்க்கட்டை எப்படிக் கட்டுவார்கள் என்று அவர் படத்தைப் பார்த்துக் கற்க முடியாது. அதற்குப் பிமொனென்கோ போன்றவர்களிடம்தான் போக வேண்டும்.

2023 முதல் உக்ரைனில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை டிசம்பர் 25 மட்டுமே. ஜனவரி 7ஐ ஒட்டி வந்த குறிபார்க்கும் இரவுகளும் 13 நாள் முன்னே நகர்ந்துவிட்டன. 1888இன் பெண்கள் இருவரும் பீட்டர்ஸ்பர்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். ஈஸ்டர் கூட்டம் வோல்கா கரையில் ரிபின்ஸ்க் நகரில். கீவில் இருப்பவர் இவர்களைப் பார்க்கக் கைப்பேசியைத்தான் திறக்க வேண்டும்.