ஒரு விசையில் நூறு கோப்புகள்

மிகேல் தெ இகாசா 1994இல் வெளியிட்ட மிட்நைட் கமாண்டர் இன்றும் சர்வர்களில் புழக்கத்தில் இருக்கிறது. பைத்தானில் வளர்ந்த ரேஞ்சர், அதைப் பார்த்து கோ மொழியில் எழுதப்பட்ட எல்எஃப், சி மொழியின் என்என்என், ரஸ்ட் மொழியின் யாஸி என்று டெர்மினலுக்குள் ஓடும் கோப்பு மேலாளர்களின் வரிசை அதன்பின் நீண்டுவிட்டது. இவை அனைத்துக்கும் ஒரே கவர்ச்சி: கருவியோடு வரும் கட்டளைகள் போதாதென்றால் பயனரே புதிதாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த உரிமை அருமையானது. அதைப் பெரும்பாலோர் பயன்படுத்தும் விதம் கவலை தருவது.

முதலில் அருமையைச் சொல்லிவிட வேண்டும். எல்எஃப்பின் அமைப்புக் கோப்பில் கட்டளைக்கு ஒரு பெயர், அதன் கீழே சில வரி ஷெல், அதோடு ஒரு விசை, இவ்வளவு போதும். சுட்டி நிற்கும் கோப்பின் முழுப் பாதை எஃப் என்ற மாறியிலும், தேர்ந்தெடுத்த கோப்புகளின் பட்டியல் எஃப்எஸ் என்ற மாறியிலும் தயாராக வந்து நிற்கும். ஸ்கேன் செய்த பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்குவது, கோப்புறையை உருவாக்கிய கையோடு அதற்குள் நுழைவது, எஃப்இசட்எஃப் என்ற தேடல் நிரலில் கண்ட கோப்புக்குத் தாவுவது எல்லாம் இப்படி ஓரிரு விசைகளில் அடங்கிவிடும். தட்டச்சு மிச்சமாவது இதில் சிறிய லாபம்தான். எங்கோ கற்ற ஷெல் இங்கே உதவுகிறது, இங்கே எழுதிப் பழகியது நாளை வேறு கருவியில் கைகொடுக்கிறது. மூடிய மென்பொருளின் மெனுவுக்குள் இந்தக் கல்வி கிடைக்காது.

ரேஞ்சரின் வழி வேறு. அங்கே கட்டளை என்பது ஒரு பைத்தான் வகுப்பு. கோப்புகள் பொருள்களாகக் கைக்கு வருகின்றன, டேப் விசைக்கான நிரப்பலையும் எழுதிக்கொள்ளலாம். பாதைகளைப் பட்டியலாகவே வெளிநிரலுக்கு அனுப்பினால் இடைவெளி உள்ள பெயர்கள் உடையாது. எழுதச் சற்று அதிக நேரம் ஆகும். ஆனால் ஷெல்லுக்கே உரிய ஒரு பெரிய பிழைக்கூட்டம் இங்கே நுழைவதில்லை.

அந்தப் பிழைக்கூட்டத்தை எல்எஃப்போடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பை வைத்தே பார்க்கலாம். அதில் நீக்குவதற்கான ஒரு கட்டளை குறிப்புரையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நீக்கப்போகும் பெயர்களை முதலில் திரையில் காட்டி, ஆமா இல்லையா என்று கேட்டு, பிறகே நீக்கும். நல்ல வடிவம். ஆனால் அது சரியாக ஓட, அதே கோப்பின் மேற்பகுதியில் இருக்கும் இன்னொரு வரி வேண்டும். பட்டியலை இடைவெளியில் உடைக்காமல் வரி முடிவில் மட்டும் உடைக்கச் சொல்வது அந்த வரிதான். அதை விட்டுவிட்டுக் கட்டளையை மட்டும் நகலெடுத்தவர், 'வீடு பத்திரம்.பிடிஎஃப்' என்ற கோப்பில் அதை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் பெயர் சரியாகவே தெரியும். அவரும் ஆமாம் என்பார். ஷெல்லோ அதை 'வீடு' என்றும் 'பத்திரம்.பிடிஎஃப்' என்றும் இரண்டாகப் பிரிக்கும். பக்கத்திலேயே 'வீடு' என்று ஒரு கோப்புறை இருந்தால் அது முழுதாகப் போய்விடும். நீக்க நினைத்த கோப்பு அப்படியே இருக்கும்.

எதன்மேல் ஓடுகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. எல்எஃப்பில் எஃப்எக்ஸ் என்ற மாறி, ஏதாவது தேர்ந்தெடுத்திருந்தால் அந்தக் கோப்புகளைத் தரும், இல்லாவிட்டால் சுட்டியில் உள்ளதைத் தரும். வசதிதான். ஆனால் தேர்வு கோப்புறை தாண்டியும் நீடிக்கும். காலையில் வேறோர் இடத்தில் தேர்ந்துவிட்டு மறந்த கோப்புகள்மேல் மாலையில் கட்டளை பாயலாம். இந்த இடத்தில் என்என்என் முன்யோசனை மிக்கது: தேர்ந்தவையா, சுட்டியில் உள்ளதா என்று கேட்டுவிட்டுத்தான் தொடர்கிறது. ஒரு விசை அதிகம் என்று இதை அலுத்துக்கொள்வது நியாயமில்லை.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பெயர்களைச் 'சுத்தம்' செய்யும் கட்டளைகள் மிகப் பிரபலம். ஆங்கில எழுத்து, எண், புள்ளி, சிறுகோடு தவிர மற்ற அனைத்தையும் டிஆர் நிரலால் அழித்துவிட்டு, கிடைக்கும் பெயருக்கு எம்வியால் மாற்றுவதே பலவற்றின் உட்கரு. 'தாத்தா.ஜேபிஜி', 'பாட்டி.ஜேபிஜி', 'திருமணம்.ஜேபிஜி' மூன்றும் இதில் விழுந்தால் மூன்றுக்கும் மிஞ்சுவது '.ஜேபிஜி' என்ற ஒரே பெயர். எம்வி கேள்வி கேட்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதும்; கடைசிப் படம் மட்டுமே தப்பும். அதுவும் புள்ளியில் தொடங்குவதால் மறைகோப்பாகிவிடும், ஆக எல்எஃப்பில் கோப்புறை காலியாகத் தெரியும். ஷெல்லில் எம்விக்கு மாற்றுப்பெயர் வைத்து, மேலெழுதுமுன் கேட்கச் செய்திருப்பவர்களுக்கும் காப்பு இல்லை. கோப்பு மேலாளர் அழைக்கும் ஷெல் அந்த மாற்றுப்பெயர்களைப் படிப்பதில்லை.

பைத்தானுக்கு மாறிவிட்டால் மட்டும் இது தீர்ந்துவிடாது. சொல்லெழுத்து அல்லாதவற்றை நீக்கு என்று அதன் வழக்கமான தேடல்கோவையில் எழுதினால், உயிர்மெய்க் குறிகளையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் அது எழுத்தாகக் கருதாது. 'பொங்கல்' என்பது 'பஙகல' ஆகும். 'காடு', 'கோடை', 'கடி' மூன்றும் 'கட' என்றே சுருங்கி மறுபடியும் மோதும். எதை வைத்துக்கொள்ளலாம் என்று பட்டியல் போடுவதைவிட, தொல்லை தரும் இடைவெளி, வரிமுடிவு போன்ற சிலவற்றை மட்டும் மாற்றச் சொல்வதே தமிழுக்குப் பொருந்தும் வழி.

குப்பைத்தொட்டிக் கட்டளையும் இதே ரகம். கோப்பை வீட்டுக் கோப்புறையில் உள்ள ஒரு மறைகோப்புறைக்கு எம்வியால் தள்ளிவிட்டு அதற்குக் குப்பைத்தொட்டி என்று பெயர் வைப்பார்கள். இன்று தள்ளிய 'குறிப்பு' என்ற கோப்பின்மேல் அடுத்த வாரம் தள்ளும் 'குறிப்பு' வந்து அமரும். எங்கிருந்து வந்தது என்ற தகவலும் இராது. லினக்ஸ் மேசைத்தளங்கள் பொதுவாகப் பின்பற்றும் குப்பைத்தொட்டி விதிமுறை, பழைய பாதையையும் நீக்கிய நாளையும் தனிக் கோப்பில் குறித்துவைக்கிறது. ஜிஐஓ, ட்ராஷ்-சிஎல்ஐ போன்ற நிரல்கள் அதைச் செய்துதருகின்றன. சொந்தக் கட்டளை அவற்றை அழைத்தால் போதும். புதிதாகக் கண்டுபிடிக்க இதில் எதுவும் இல்லை.

பிறர் எழுதியதை ஓட்டும் விஷயத்தில் மிட்நைட் கமாண்டர் முன்பே விழித்துக்கொண்டது. ஒரு கோப்புறைக்கென்று தனிப் பயனர் மெனு இருந்தால், அதன் உரிமையாளர் பயனரோ ரூட்டோ என்றால் மட்டுமே, அதிலும் எல்லாரும் எழுதக்கூடியதாக அது இல்லாவிட்டால் மட்டுமே ஏற்கும். இணையத்தில் கண்ட முப்பது வரியை அப்படியே ஒட்டுகிறவரிடம் இந்தக் கறார் இருப்பதில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் தாவுவது, தேடுவது, திறப்பது, காட்டுவது ஆகியவற்றுக்கு எத்தனை கட்டளை வேண்டுமானாலும் தயங்காமல் எழுதலாம். பிழை வந்தாலும் எதுவும் தொலையாது. பெயர் மாற்றுவது, நகர்த்துவது, நீக்குவது வேறு கணக்கு. அங்கே ரேஞ்சரின் மொத்தப் பெயர்மாற்றக் கட்டளை பின்பற்றத் தகுந்த முன்மாதிரி. பெயர்களை அது எடிட்டரில் திறக்கிறது. திருத்தி முடித்ததும் உடனே பாய்வதில்லை. செய்யப்போகும் எம்வி வரிகளை ஒரு ஷெல் நிரலாக எழுதி மறுபடியும் எடிட்டரில் காட்டுகிறது. வேண்டாமென்றால் அந்தக் கோப்பைக் காலியாக்கிச் சேமித்தால் போதும். இதையே எல்எஃப்பில் சில வரிகளில் செய்துகொள்ளலாம்: எம்வி வரிகளை, ஏற்கனவே உள்ள கோப்பின்மேல் எழுதாதே என்ற விருப்பத்தோடு ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, எடிட்டரில் திறந்து, மூடியபின் ஓட்ட வேண்டும்.