நோய் போன பிறகு: குழந்தைப் பருவப் புற்றுநோயும் ஹார்மோன் கண்காணிப்பும்

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை 1960களின் கடைசியில்தான் பிறந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனையின் டொனால்ட் பிங்கல் குழுவினர், மருந்து சரியாக எட்டாத மூளைப் பகுதியில் பதுங்கும் புற்றணுக்களை அழிக்க, குழந்தையின் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அளவு 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் பறிகொடுத்துவந்த நோயில் பாதிப்பேர் பிழைத்தார்கள். 1980களில் அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் தில்லி எய்ம்ஸும் கையாண்ட எம்.சி.பி.-841 சிகிச்சை முறையிலும் தலைக்கான கதிர்வீச்சு இருந்தது. அந்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை உயிரோடு வீடு திரும்புமா என்பதே அன்று எல்லோருக்கும் முன்னால் நின்ற கேள்வி.

ஆனால் அந்தக் கதிர் சென்ற வழியில்தான் உடலின் ஹார்மோன்களை ஆளும் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் இருக்கின்றன. அடிபட்டால் எல்லா ஹார்மோனும் ஒரே நேரத்தில் நின்றுபோவதில்லை. முதலில் குறைவது வளர்ச்சி ஹார்மோன். 18 கிரே அளவே அதற்குப் போதும். தைராய்டையும் அட்ரீனலையும் தூண்டும் ஹார்மோன்கள் பெரும்பாலும் 30 கிரேக்கு மேல் போனால்தான் பாதிக்கப்படும், அதுவும் பல ஆண்டுகள் கழித்து. கழுத்தில் கதிர் வாங்கியவர்களுக்குத் தைராய்டு சுரப்பியே சேதமாகும். சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் சினைப்பையையும் விரையையும் தாக்கும். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய பெரிய தொடராய்வில், பிழைத்தவர்களில் 44 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு ஹார்மோன் கோளாறைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு மருத்துவ உலகம் கண்ட வழி, வாங்கிய சிகிச்சையைப் பார்த்துக் கண்காணிப்பது. என்ன நோய் என்பதைவிட, எந்த இடத்தில் எத்தனை கிரே, எந்த மருந்து மொத்தம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, அதற்கேற்ற பரிசோதனைகளை ஆயுள் முழுவதும் செய்வது. அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் 2003இல் இதை வழிகாட்டி நெறிகளாக வெளியிட்டார்கள். டாடா மருத்துவமனை அதற்கு முன்பே, 1991இல், சிகிச்சை முடித்தவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டது. இந்த அணுகுமுறையின் பெரிய பலம், நோயாளி குறைசொல்லும்வரை அது காத்திருப்பதில்லை என்பது. ஹார்மோன் குறைவு வலிக்காது. சோர்வு, எடை கூடுவது, மாதவிடாய் தள்ளிப்போவது என்று வரும். எல்லாவற்றுக்கும் வேறு காரணம் கிடைத்துவிடும். செயின்ட் ஜூடில் தலைக்குக் கதிர்வீச்சு பெற்ற 748 பேரைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நேரில் வரவழைத்துச் சோதித்தபோது, 46.5 சதவீதத்தினருக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ யாருக்குமே அதற்கான சிகிச்சை நடந்துகொண்டிருக்கவில்லை. நாமே தேடிப் போகாவிட்டால் இவை கண்ணில் படாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நெறி நன்றாக இருந்தாலும் அதைக் கையாளும் விதத்தில் சறுக்கல்கள் உண்டு. ஏழு வயதில் மார்பு வளரத் தொடங்கும் ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். தலைக்கு வாங்கிய கதிர் பருவத்தை முன்கூட்டியே கிளப்பிவிட்டிருக்கிறது. பாலியல் ஹார்மோன் உந்துவதால் உயரம் ஆண்டுக்கு ஆறு சென்டிமீட்டர் ஏறுகிறது. வளர்ச்சி வரைபடத்தில் கோடு அழகாகப் போகிறது, அம்மாவுக்கும் திருப்தி. ஆனால் அந்தப் பருவநிலையில் அதைவிட வேகமாக வளர வேண்டியவள் அவள். உள்ளே வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருப்பதை முந்திவந்த பருவம் மறைத்துவிடுகிறது. எலும்பின் வளர்தட்டுகள் சீக்கிரமே மூடிக்கொண்ட பிறகு, “இவள் ஏன் இத்தோடு நின்றுவிட்டாள்?” என்று கேட்டுப் பயனில்லை. வளர்ச்சி ஹார்மோனின் அளவை உணர்த்தும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளை ரத்தத்தில் பார்த்தால் தெரியாதா என்றால், கதிர்வீச்சு பெற்ற பிள்ளைகளில் அதை மட்டும் நம்பக்கூடாது என்று ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2018இல் வெளியிட்ட நெறியே எச்சரிக்கிறது. முதுகெலும்புக்கும் கதிர் போயிருந்தால் உட்கார்ந்த உயரத்தைத் தனியே அளக்க வேண்டும். உடல் குறுகி, கால் மட்டும் நீண்டிருக்கும். இதற்கு ஒரு ஸ்டூலும் அளவுகோலும் போதும். ஆனால் கூட்டம் நெரியும் வெளிநோயாளர் பிரிவில் செருப்பைக்கூடக் கழற்றச் சொல்லாமல் உயரம் குறித்துவிட்டு, ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் சீட்டெழுதி அனுப்பும் பழக்கம் இருக்கிறது. விலை மலிவான அளவீடு என்பதாலேயே அதற்கு மதிப்பில்லாமல் போவது எனக்குப் பெரும் வருத்தம்.

பையன்களிடமும் இதுபோல் ஏமாற இடமுண்டு. விரையின் பருமனை வைத்தே பருவ வளர்ச்சியைக் கணிப்பது வழக்கம். விந்தணு உருவாக்கும் செல்களை மருந்து அழித்துவிட்டால் விரை சிறிதாகவே இருக்கும்; டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்கள் தப்பித்திருப்பதால் மீசையும் குரலும் வந்துவிடும். பருமனைப் பார்ப்பவர் பருவம் வரவில்லை என்பார், மீசையைப் பார்ப்பவர் எல்லாம் சரி என்பார். பிள்ளைப்பேறு பற்றிய உண்மை இரண்டிலும் விடுபட்டுப்போகும்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி புற்றுநோயைத் திரும்பக் கூட்டிவரும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இதுவரை வந்த ஆய்வுகள் நோய் திரும்புவது கூடியதாகக் காட்டவில்லை. ஊசியின் விலைதான் உண்மையான தடை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒரு காகிதம் இல்லாதது. எத்தனை கிரே என்று தெரிந்தால்தான் இந்த நெறி முழுதாக வேலை செய்யும். சிகிச்சை நடந்தபோது ஐந்து வயதாக இருந்தவருக்கு அந்த எண் தெரியாது. ஃபைல் அப்பாவின் பீரோவில் எங்கோ கிடக்கும். பதினெட்டு வயதானால் குழந்தைகள் பிரிவுக்குப் போக முடியாது, பெரியவர்கள் பிரிவில் பழைய கதையைக் கேட்க ஆளில்லை. பெண்ணாக இருந்தால் வரன் பார்க்கும் நேரத்தில் குடும்பமே பழைய நோயைப் பேச்சில் வராமல் பார்த்துக்கொள்ளும். சீக்கிரம் மாதவிடாய் நின்றுவிடக்கூடிய சினைப்பையோடு இருப்பவளுக்கு, காலத்தோடு யோசனை சொல்ல வேண்டிய ஆண்டுகள் இப்படித்தான் கழிகின்றன.

2009இல் செயின்ட் ஜூட் மருத்துவர்களே, தலைக்குக் கதிர் கொடுக்காமலும் ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டிவிட்டார்கள். இனி வரும் குழந்தைகளில் பலர் தப்புவார்கள். ஆனால் 80களிலும் 90களிலும் கதிர் வாங்கியவர்கள் இப்போது முப்பதும் நாற்பதும் தாண்டி நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் மூளைக்கட்டிக்காகக் கூடுதல் அளவு வாங்கிய ஒருவருக்கு அட்ரீனல் ஹார்மோன் குறைந்திருந்து, கடும் காய்ச்சலோடு பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனால், அந்த டாக்டருக்கு எதுவும் தெரியாது. தாழ்ந்துகொண்டே போகும் ரத்த அழுத்தத்துக்குக் காரணம் புரியாமல் நேரம் போகும். அது உயிருக்கே ஆபத்து. அதனால் சிகிச்சை முடியும் நாளன்றே, கதிர் பட்ட இடம், கிரே அளவு, மருந்துகளின் மொத்தக் கணக்கு, எந்த வயதில் எந்தப் பரிசோதனை என்பதை ஒரே தாளில் தமிழிலும் எழுதிக் குடும்பத்தின் கையில் கொடுப்பதை மருத்துவமனைகள் கட்டாயமாக்க வேண்டும். பழைய நோயாளிகளும் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு எழுதி, தங்கள் பதிவேட்டின் நகலை இப்போதே கேட்டு வாங்கலாம்.