தன்னையே முடக்கும் சீட்டு

சீட்டாட்டம் என்றால் எனக்கு ரம்மிதான். அதிலும் ஜோக்கர் வந்தால்தான் ஜெயிப்பேன். அக்கா பையன் ஆடுவது வேறு ரகம். 'மேஜிக்: தி கேதரிங்' என்று பெயர். 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதக்காரர் வடிவமைத்தது. 20,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள். பெரும்பாலானவற்றில் படத்துக்குக் கீழே சில வரிகள். விதிப்புத்தகம் 200 பக்கத்தைத் தாண்டும். அதன் முதல் தங்க விதி, 'விதியும் சீட்டும் முரண்பட்டால் சீட்டு சொல்வதே செல்லும்' என்கிறது.

அடடே, என்ன தாராளம் என்று வியந்துகொண்டிருந்தபோது பையன் செல்போனில் இரண்டு சீட்டுகளைக் காட்டினான்.

முதலாவது 'ஹ்யூமிலிட்டி' (1997). இந்த மந்திரம் மேஜையில் இருந்தால் எல்லாப் பிராணிகளும் சக்திகளை இழந்து, பலம் 1, உறுதி 1 என்று சுருங்கிவிடும். இரண்டாவது 'ஓபலெசன்ஸ்' (1999). தன்னைத் தவிர மற்ற மந்திரங்களை (ஒரு வகை மட்டும் விலக்கு) பிராணிகளாக்கும். பலமும் உறுதியும் அவற்றின் விலை எவ்வளவோ அவ்வளவு.

"ரெண்டும் சேந்தா என்ன ஆகும், சொல்லுங்க மாமா."

ஹ்யூமிலிட்டி பிராணியாகிறது. ஆகவே தன் சக்தியையும் இழக்கிறது. சக்தி போனால் யார் யாரை முடக்குவது? முடக்க ஆளில்லை என்றால் சக்தி திரும்பிவிடுமே? வந்தால் மறுபடி போகுமே? எனக்குத் தலை சுற்றியது.

விதிப்புத்தகத்துக்குச் சுற்றவில்லை. விளைவுகளை ஏழு அடுக்குகளாகப் பிரித்து, வரிசையாகப் பார்க்கச் சொல்கிறது. நாலாவது அடுக்கில் ஹ்யூமிலிட்டி பிராணியாகிறது. ஆறாவதில் தன்னையும் சேர்த்து எல்லோருடைய சக்தியையும் பறிக்கிறது. ஆனால் ஓர் அடுக்கில் தொடங்கிவிட்ட விளைவு, பிறப்பித்த சக்தியே செத்தாலும், அடுத்த அடுக்கிலும் தொடரும். ஏழாவதில் இரண்டு சீட்டுகளும் மோதினால், மேஜைக்குப் பிந்தி வந்தது வெல்லும். ஹ்யூமிலிட்டி பிந்தியிருந்தால் அது 1/1. ஓபலெசன்ஸ் பிந்தியிருந்தால் 4/4.

முரண்பட்டால் பின்னது வெல்லும் என்பது பாணினியின் சூத்திரமும்கூட. 'பின்னது' என்றால் நூலில் பின்னால் வரும் விதி என்றே உரைகாரர்கள் வாசித்துவந்தார்கள். 2022-ல் ரிஷி ராஜ்போபட் கேம்பிரிட்ஜ் ஆய்வேட்டில், 'இல்லை, சொல்லின் வலப்பக்கத்தில் செயல்படும் விதி' என்றார். பண்டிதர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுக்குகளின் தர்க்கத்தில் எனக்குக் குறையே தெரியவில்லை. எழுதியவர் மனசில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை என்பதும் பிடித்திருக்கிறது. உறுத்துவது அந்தத் தங்க விதிதான். 'செத்தாலும் தொடரும்' என்பது எந்தச் சீட்டில் இருக்கிறது? போதாததற்கு, பழைய சீட்டுகளில் அச்சான வாசகம் இறுதியானது இல்லையாம். இன்று செல்லுபடியாகும் வாசகம் கம்பெனியின் தகவல்தளத்தில் இருக்கிறது. இவை இரண்டும் மறுபடி அச்சிடுவதில்லை என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருக்கும் பட்டியலில் உள்ளவை. ஆக, திருத்திய வாசகம் அந்த அட்டைகளில் ஏறப்போவதே இல்லை. முதல் போட்டிக்கு வந்தவர் கையிலிருக்கும் சீட்டைச் சரியாகப் படித்துவிட்டே தோற்கலாம். இதையும் ஆட்டத்தின் ருசி என்று ஒதுக்க எனக்கு மனசில்லை.

"போட்டியில சந்தேகம் வந்தா என்னடா பண்ணுவே?"

"கையத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுவேன்."

"அவர் சீட்டைப் படிச்சுப் பாப்பாரா?"

"சீட்டை எதுக்கு மாமா? போனைப் பாப்பார்."