தலைப்பில் நின்ற பன்மை

இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிக்கா 1948-இல் வெளியிட்ட திரைப்படத்தின் பெயர் 'மிதிவண்டித் திருடர்கள்' என்னும் பொருளது. அமெரிக்காவில் அது 'மிதிவண்டித் திருடன்' என ஒருமையாக்கி வழங்கப்பெற்றது. இம்மாற்றம் படத்தின் கருத்தையே குலைத்தது என்பது எம் துணிபு.

போருக்குப் பிந்திய உரோமாபுரியில் சுவரொட்டி ஒட்டும் வேலை பெறுகிறான் அன்டோனியோ. அதற்கு மிதிவண்டி வேண்டும். அடகிலிருந்து அதனை மீட்க அவன் மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். ஊழியன் அம்மூட்டையைச் சுமந்து, அத்தகைய மூட்டைகள் வானளாவ அடுக்கப்பட்ட தட்டுகளில் ஏறுவதைப் படம் காட்டுகிறது. வறுமை ஒரு வீட்டுக்கே உரியதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. களவு செய்தவன் என அன்டோனியோ கருதும் இளைஞனின் இல்லத்திலும் அவ்வறுமையே காண்கிறோம். இறுதியில் அன்டோனியோ தானும் ஒரு மிதிவண்டியைத் திருடி, மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான். தலைப்பின் பன்மை அங்கேதான் பொருள் பெறுகிறது.

அன்டோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி ஓர் ஆலைத் தொழிலாளி. புகழ்பெற்ற நடிகர் முகமாயின் அவனைப் பலருள் ஒருவனாகக் கொள்ளல் அரிது. (1952-இல் வந்த 'உம்பெர்த்தோ டி' படத்தில் முதியவராகத் தோன்றியவர் சொற்பிறப்பு அகராதி செய்த மொழியியற் பேராசிரியர் கார்லோ பத்திஸ்தி, நம்மனோர்க்கு இது உவகை தரும்.)

உடையவன் அன்டோனியோவை விட்டுவிடுவதை மிகையிரக்கம் என்பாரும் உளர். யாம் உடன்படோம். அவ்விரக்கம் மிதிவண்டியையும் தரவில்லை, வேலையையும் தரவில்லை. மகன் தந்தையின் கையைப் பற்றுகிறான். இருவரும் கூட்டத்துள் மறைகின்றனர்.